பாடாத பெட்டி

திருநகரில் என் தாய்மாமன் வீட்டில் இருந்த பாட்டுச் சாமான்களிலேயே மிகுந்த மரியாதைக்குரியது, தானாக ஒரு சத்தமும் போடாத பெட்டிதான். அதன் பெயர் ப்ரீ ஆம்ப்ளிஃபையர். இசைத்தட்டிலிருந்து மெலிந்து வரும் ஒலியை வாங்கி, சீராக்கி, பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. இங்கே வாங்கி அங்கே கொடுக்கிற உத்தியோகத்துக்கு இவ்வளவு மவுசா என்று அத்தை கேலி செய்வாள். மாமா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மாமா ஒரு மில்லில் தறிக்கூடத்து மேஸ்திரி. அங்கே இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது அதை மாமாவிடம் விற்றுவிட்டுப் போனார். அப்போதே அது பழசு. ஆனாலும் மதுரையில் அப்படி இன்னொன்று கிடையாது என்பது மாமாவின் கட்சி. மறுத்துப் பேச எங்கள் யாருக்கும் விவரம் போதாது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் அதற்கு ஆகாதென்று ஸ்டெபிலைசர் வாங்கி வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் பாட்டுக் கேட்டுவிட முடியாது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். கோயிலில் திரை விலகக் காத்திருப்பதுபோல் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, முழுப்பரீட்சை லீவுக்குக் கல்லுப்பட்டியிலிருந்து அங்கே போயிருந்த சமயம், அந்தப் பெட்டிக்கு ஒரு நோய் வந்தது. மாமாவுக்கு உயிரான நாதஸ்வரத் தட்டு ஒன்று உண்டு. அதில் தவிலுக்குப் பின்னால் ஜால்ரா சன்னமாக ஒலித்துக்கொண்டே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜால்ராவைக் காணவில்லை என்றார் மாமா. ஊசி தேய்ந்துவிட்டது என்றார். புது ஊசி வந்தது. தட்டு தேய்ந்துவிட்டது என்றார். அதே தட்டு புதிதாக வந்தது. அத்தை கிரைண்டர் போடுவதால்தான் என்றார். அந்த வாரம் எங்களுக்கு இட்லி கிடைக்கவில்லை. கடைசியில் பழி பெட்டியின் மேல் விழுந்தது. அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் டவுன்ஹால் ரோட்டு ரேடியோ கடைக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

"அண்ணே, பெட்டி கிண்ணுன்னு இருக்கு. ஒரு கொறையும் இல்ல" என்றார் கடைக்காரர்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிடிவாதமாக வால்வை மாற்றச் சொன்னார். மாற்றியும் ஜால்ரா வரவில்லை என்றார். வீடு திரும்பியவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இனி இதை வைத்திருந்து என்ன செய்ய, விற்றுவிடலாம் என்றார். வெகுநாளாக அதன்மேல் கண் வைத்திருந்த ஆனையூர்க்காரர் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் லீவுக்கு அங்கே போவதே அந்தப் பெட்டிக்காகத்தான்.

ஆனையூர்க்காரர் வருவதாக இருந்த அன்று காலை, மாமா என்னை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார வைத்தார்.

"தாயி, ஜால்ரா கேட்டா வெரலத் தூக்கு. கேக்கலைன்னா சும்மா இரு. பொய் சொல்லப்படாது."

பொய்க்கு அவசியமே இருக்கவில்லை. சன்னமான ஒலியைக் கூட்டித் தரும் ட்ரெபிள் குமிழை அவர் கடைசிவரை திருகி வைத்திருந்ததில் ஜால்ரா காதைக் குத்தியது. ஜால்ரா ஒலித்தபோதெல்லாம் தவறாமல் விரலைத் தூக்கினேன். மாமா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"நல்லாக் கேக்குதா?"

"ரொம்ப நல்லாக் கேக்குது மாமா. காதெல்லாம் கூசுது."

அத்தைதான் மெதுவாகச் சொன்னாள். "நாலு தடவ கூப்பிட்டாத்தான நீங்க திரும்புறீங்க. பெட்டிய ஏங்க வையிறீங்க?"

அதையும் அவள் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மாமா ட்ரெபிள் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தார்.

சாயங்காலம் வந்த ஆனையூர்க்காரருக்குக் காப்பி கொடுத்து, "பெட்டி நல்லாத்தான் இருக்கு மாப்ள. குடுக்குறாப்ல இல்ல" என்று அனுப்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் காதால்தானே பெட்டி தப்பியது! பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் மாமா அந்தத் தட்டைப் போட்டு என்னை விரல் தூக்கச் சொல்வார். எதிரே உட்கார்ந்து, விரலைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"பெட்டி நல்லாருக்குன்னுதான் தெரிஞ்சிருச்சே மாமா! இன்னும் எம்புட்டு நாளைக்கு டெஸ்ட்டு பண்ணுவீங்க?"

"இன்னுங் கொஞ்சம் தாயி. கைய எறக்கிராத."

தறிச் சத்தத்திலேயே கிடந்த காதிலிருந்து முதலில் போவது அந்த மாதிரிச் சன்னமான ஒலிகள்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மாமா பெட்டியைத்தான் சோதிக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கை வலித்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குத்தான் விரலைத் தூக்கினேன். அன்றைக்கெல்லாம் அவர் தலையும் ஒன்றுவிட்டு ஒன்றுக்குத்தான் ஆடியது.