கொழுந்து விட்ட கள்ளி

ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த வீடு செபமாலையம்மாள் மதினியுடையது. முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளியவள். புருஷன் செத்து நாலாம் நாளே கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிய நெஞ்சழுத்தக்காரி. அவளை உடைத்துப் போட்டது மகள் டின்சியின் சாவுதான்.

டின்சி கொல்லங்கோட்டில் கள்ளிச்செடி வளர்த்து விற்கும் நர்சரியில் வேலை பார்த்தாள். போன வருஷம் ஜூனில் அவளுக்கு டெங்கு. அந்த நோயில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்து என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொள்ளப் போன மதினி ஆறாம் நாள் சவத்தோடு வந்தாள். அடக்கம் முடிந்து மிஞ்சியது ஒரு துணிப்பையும், டின்சி தன் அறை ஜன்னலில் வளர்த்த உருண்டைக் கள்ளியும்தான். முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி மாதிரி இருக்கும்.

"எம்புள்ள கையால வளந்ததுட்டி ஜிஜி. இதாவது எங்கிட்ட உசுரோட இருக்கட்டும்" என்றாள் மதினி.

எங்கள் வீடுகளில் பட்டப்பகலிலும் பல்பு எரியும். மழை பிடித்தால் மூடுபனி உள்ளேயே வந்து உட்காரும். ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று மதினி செடியை அடுப்படி அலமாரியில் வைத்தாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள். ஓணம் கழிந்ததும் கள்ளியின் உச்சி வெளிறிய பச்சையாக நீண்டது. "கொழுந்து விட்டிருக்குட்டி!" என்று லயம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினாள். இளம்பச்சையைக் கண்டால் எங்களுக்கு வேறென்ன தோன்றும்? மாதக்கணக்கில் சிரிக்காத முகம் சிரித்ததைப் பார்த்து எனக்கும் தலைகால் புரியவில்லை. எஸ்டேட் யூரியாவில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தேன். தேயிலைக்குப் போடுவதுபோலப் போட்டாள். செடி சாண் உயரத்துக்குப் போனது. புது முள் மட்டும் பூனைமயிராக இருந்தது. பிஞ்சுதானே, போகப்போக முற்றும் என்று நான்தான் பெரிய இவள் மாதிரி சொன்னேன்.

டின்சியின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு, அவளோடு நர்சரியில் வேலை பார்த்த ஹஸீனா வந்தாள். செடியைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கம்மா, இதை இருட்டுலயா வெச்சிருந்தீங்க? இது வளர்ச்சி இல்லீங்க. வெளிச்சம் கெடைக்காம இழுத்துட்டுப் போயிருக்குதுங்க. ஊட்டுக்குள்ள வளத்துனா நல்லா வெயில் படற ஜன்னல்ல வெக்கோணுங்க. அப்பத்தான் முள்ளு உறுதியா வரும். மண்ணு அடிவரைக்கும் காஞ்ச பொறவு தண்ணி ஊத்துனாப் போதும். யூரியாவே ஆகாதுங்க."

அடிப்பாகம் கெடாமல் இருந்தால் பிழைக்கும், மேலே வெட்டிப் பார்க்கலாம் என்றாள். மதினி தானே கத்தியை எடுத்தாள். நீண்ட பாகத்தை அறுத்தாள். உள்ளே பழுப்பாக இருந்தது. அழுகாத சதை தெரிகிறவரைக்கும் வெட்டச் சொன்னாள் ஹஸீனா. இன்னும் கீழே அறுத்தாள். டின்சி வளர்த்த பாகம் வந்தது. முள் ஏறி உள்ளங்கையில் ரத்தம் வழிந்தும் மதினி நிறுத்தவில்லை. மண்மட்டம் வரைக்கும் அழுகல்தான்.

"மதினி, நாந்தான் யூரியாவைத் தந்து கெடுத்தேன். என்னைய ரெண்டு அடி அடிங்க" என்று அழுதேன்.

மதினி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ என்னட்டி செஞ்ச? காச்சல் வந்த நாலாம் நாளு டின்சிக்கு மேலு குளுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்மான்னு அவதான் கேட்டா. காச்சல்தான் விட்டுருச்சே, கஞ்சியக் குடிச்சிட்டுத் தூங்குன்னு நாந்தாம் சொன்னேன்."