ஒருவருக்கும் தெரியாமல் ஆற வேண்டிய புண்

வலது உள்ளங்காலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். போன ஆவணியில் அதை முதலில் பார்த்தது என் மனைவி செல்வி. நூற்றிரண்டு கிலோ எடையுள்ள ஆள் தன் உள்ளங்காலைப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நடுவில் வயிறு இருக்கிறது.

சிவகாசியில் இருபத்தைந்து வருடமாக டாக்டர் நான். பட்டாசு கம்பெனி வேன்கள் நிற்கும் தெருவில் கிளினிக். பதினோரு வருடமாக எனக்கும் சர்க்கரை. நோயாளிகளை "வாயைக் கட்டுங்க" என்று அதட்டிவிட்டு, மதியம் எண்ணெய் பரோட்டாவோடு சமாதானமாகப் போய்விடுகிற ரகம்.

புண் வந்த கதை இன்னும் வெட்கக்கேடு. சர்க்கரை குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஆடி கடைசி வெள்ளிக்குச் சாத்தூரிலிருந்து இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தேன். உச்சிவெயில். தார் ரோடு கொதித்தது. கூட வந்தவர்கள் ஓரத்து மண்ணைத் தேடித் தாவினார்கள். எனக்குச் சுடவே இல்லை. நடுரோட்டில் ராஜநடை.

"டாக்டரய்யாவுக்குக் கால் சுடலையாம்லே! ஆத்தா கூடவே வாரா" என்று ஒருவர் என்னைக் கும்பிட்டார். நானும் தலையாட்டினேன். இதையே ஒரு நோயாளி சொல்லியிருந்தால், நரம்பு செத்துப்போச்சு என்று வைது அனுப்பியிருப்பேன்.

பதினெட்டு நாள் நானே மருந்து போட்டேன். ஆறவில்லை. சர்க்கரையால் என் பெரியப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்ததை நேரில் பார்த்தவன் நான். யாரிடமும் காட்டப் பயம். டாக்டருக்கே இந்தக் கதி என்று ஊர் சிரிக்குமே. பூசை அறையில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, ஒருத்தருக்கும் தெரியாம இதை ஆத்திடு. காலை எனக்கே கொடுத்திடு."

அந்த வாரம்தான் விருதுநகரில் ஒரு மருத்துவமனையில், சர்க்கரை நோய், உடல் பருமன் பற்றி டாக்டர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி. முன்பே பெயர் கொடுத்திருந்தேன். கிளினிக் சுவரில் ஒரு ஆணி காலியாக இருந்தது, சான்றிதழ் மாட்டலாம். வேறு உயர்ந்த நோக்கம் கிடையாது. போகாமல் இருந்துவிட நினைத்தேன்.

"போயிட்டு வாங்க. ஆத்தா ஏதாச்சும் வழி காட்டுவா" என்று செல்விதான் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள் கால் பரிசோதனை. இரண்டிரண்டு பேராக, ஒருவர் காலை ஒருவர் பார்க்க வேண்டும். என் ஜோடி ராஜபாளையத்து டாக்டர் நந்தினி. என் மகள் வயது. சாமர்த்தியமாக இடது காலை நீட்டினேன்.

"கண்ணை மூடிக்கிடுங்க சார். நைலான் இழை படுறப்ப சொல்லுங்க."

மூடினேன். காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"எப்பம்மா ஆரம்பிக்கப் போறீக?"

"முடிச்சிட்டேன் சார்."

கண்ணைத் திறந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் காலையும் காட்டுங்க."

"அது நல்லாத்தாம்மா இருக்கு."

"சார், சாக்ஸ்ல கறை தெரியுது."

கட்டை அவிழ்த்தார். நாற்றம் எனக்கே தெரிந்தது. பதினான்கு டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். பயிற்சி கொடுக்கும் பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"எலும்புக்குப் போகலை. இன்னைக்கே சுத்தம் பண்ணிருவோம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீகன்னா வேற பேச்சுத்தான் பேசியிருக்கணும்."

அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். ஒருவருக்கும் தெரியாமல் என்றல்லவா கேட்டிருந்தேன்? ஆத்தா அந்தப் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டாள். காலை மட்டும் தந்தாள்.

மீதி நாட்கள் அதே மருத்துவமனையில் படுக்கை. தினமும் காலையில் பயிற்சி டாக்டர்கள் என் கட்டிலைச் சூழ்வார்கள். நான் மாணவனா, பாடமா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. என் எடையைப் பற்றியும் பேசினார்கள். கேலி இல்லை. "உங்களால எது முடியும்னு சொல்லுங்க சார், அதுல இருந்து தொடங்குவோம்" என்றார் நந்தினி. இருபத்தைந்து வருடத்தில் இந்தக் கேள்வியை ஒரு நோயாளியிடமும் நான் கேட்டதில்லை.

கார்த்திகையில் புண் மூடியது. எடை ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாது என்றும் தெரியும். ஆனால் இரண்டு கால் இருக்கிறது.

இப்போது சர்க்கரை உள்ள எல்லோருடைய காலையும் நானே தொட்டுப் பார்க்கிறேன். போன வாரம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் முத்துமாரி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, எங்காலைப் போய்த் தொடுறீகளே! எனக்குல்ல பாவம் சுத்தும்."

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க நீட்டுங்க."

பெருவிரலுக்கு அடியில் முழுசாக ஒரு கருவேல முள்.

"வலிக்கவே இல்லையே அய்யா!"

"அதுக்குத்தாம்மா பார்க்கேன்."

தாயை நம்புகிறவர்களே, தயங்காமல் வேண்டிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டவள் உங்களுக்கும் கேட்பாள். வேண்டிக்கொண்ட கையோடு, மறைத்து வைத்திருப்பதை யாரிடமாவது காட்டிவிடுங்கள். அவள் யார் கையாக வருவாள் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. என்னிடம் ராஜபாளையத்து டாக்டரம்மாவின் கையாக வந்தாள்.