வாசல் நிலையில் ஒரு துளை

மொன்றியல் நகரில் நாங்கள் இருக்கும் தெரு ஒரு காலத்தில் யூதர்களின் தெரு. எங்கள் வாசல் நிலையில், தோள் உயரத்தில், விரல் நீளத்தில் ஒரு தகரக்கூடு சரிவாக அறையப்பட்டிருக்கிறது. உள்ளே வேதவரிகளை வைத்து யூதர்கள் வாசலில் பதிப்பது என்று சொன்னார்கள். யாருடைய சாமியானால் என்ன? ஒன்பது வருடமாக வெள்ளி தவறாமல் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வந்தேன்.

இந்த மாசியில், பட்டப்பகலில், கீழ்வீட்டுத் தமிழ்நாட்டுத் தம்பியைப் பின்னால் வந்த ஒருவர் பனி அள்ளும் சவளால் அடித்துக் கையை முறித்தார். அவர் தன் காருக்கென்று பனி அள்ளித் துப்புரவாக்கிய இடத்தில் தம்பி காரை விட்டுவிட்டான். அவ்வளவுதான் குற்றம். அடித்த ஆளைத் தம்பி காணவில்லை. நான் யன்னலால் கண்டேன். எங்கள் இலங்கை ஆள், எங்கள் கோயிலில் அன்னதானம் பரிமாறுகிறவர்!

பொலிஸ் வந்து கேட்டபோது ஒன்றும் தெரியாது என்றேன். கணவர் முதலே சொல்லி வைத்திருந்தார்.

"எங்கட ஆளைக் காட்டிக் குடுக்கிறதே? பேந்து என்ன முகத்தோட கோயிலுக்குப் போறது?"

மனம் கேட்காமல் தினமும் தம்பிக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன ஞாயிறு தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் மகளோடு வந்தார். இந்த வீட்டில் பிறந்தவராம். தகரக்கூட்டில் குங்குமத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இதற்குள் வேதம் இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "பின்னால் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது."

இவர் சிறுவனாக இருந்தபோது மேல்மாடிக்காரரை இந்த வாசலில் வைத்து ஒருவன் சுட்டுக் கொன்றானாம். சுட்டவன் அவர்களுடைய தொழுகைக்கூடத்து ஆள். பொலிஸ் வருமுன் இவருடைய அப்பா வெறுங்கூட்டை அறைந்து ஓட்டையை மறைத்தாராம், நம் ஆளை வெளியாரிடம் கொடுக்கக்கூடாது என்று. இதற்கா நான் பொட்டு வைத்தேன்?

"செத்தவரின் மனைவி?" என்று கேட்டேன்.

"மேலேதான் இருந்தாள். அவள் சாகும்வரை அம்மா வெள்ளிதோறும் ரொட்டி கொடுத்தனுப்பினாள். சுட்டவன் யார் என்று மட்டும் சொல்லவில்லை."

அந்த ரொட்டிதான் என்னை உலுக்கிப் போட்டது.

பின்னேரம் சூப்போடு கீழே போனேன். தம்பி இடது கையால் வாங்கினான்.

"உங்களை மாதிரி யாரு அக்கா இங்க இருக்காங்க?" என்றான்.

"தம்பி, உங்களுக்கு அடிச்சது ஆரெண்டு எனக்குத் தெரியும். பொலிசுக்குச் சொல்லப் போறன்."

சூப்பை மெல்ல மேசையில் வைத்தான்.

"எப்பலேர்ந்துக்கா தெரியும்?"