நூற்றொன்றாவது அழைப்பு

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். நானும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. நடந்தது அத்தனையும் நிஜம். நேரம்கூடக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். உதவி கேட்டு வரும் ஒவ்வொரு அழைப்பும் முதன்மைக் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸில் பதிவாகும். அடுத்த நொடி அதன் நகல் இன்னொரு கம்ப்யூட்டரில் ஏறிவிடும். முதன்மைக் கம்ப்யூட்டர் செயலிழந்து படுத்துவிட்டால் நகல் வேலையை எடுத்துக்கொள்ளும். நகல் ஒழுங்காக ஏறுகிறதா என்று தானாகவே சோதிக்கும் புரோகிராம் என் பொறுப்பு.

பழைய சோதனையை யாரும் மதிப்பதில்லை. நூறு பொய் அழைப்புகளைப் பதிவு செய்யும், பத்து விநாடி காத்திருக்கும், நகலில் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணும். நெட்வொர்க் மந்தமாக இருந்தால் பத்து விநாடி போதாது. ஒரு நாள் தேறும், ஒரு நாள் தோற்கும். அதனால் விநாடிக் கணக்கையே தூக்கிவிட்டேன். நகல் கம்ப்யூட்டர் தனக்கு வருவதையெல்லாம் லாக் என்ற குறிப்பேட்டில் வரிவரியாக எழுதி வைக்கும். என் கடைசிப் பதிவு அந்த லாகில் வந்த பிறகே எண்ண வேண்டும் என்று மாற்றி எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். சோதனைக்கென்றே வைத்திருந்த இரண்டு கம்ப்யூட்டர்கள். நிஜ அழைப்புகள் அந்தப் பக்கமே வராது. மணி 2:31.

அனுப்பியது நூறு. வந்தது நூற்றொன்று.

என் புரோகிராமில்தான் பிசகு என்று நினைத்தேன். இரண்டையும் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நூற்றொன்று. ஒன்றே ஒன்றை அனுப்பினேன். இரண்டு வந்தது. 2:44-க்கு, எதையுமே அனுப்பாமல் ஓட்டினேன்.

ஒன்று வந்தது.

இரண்டுக்கும் நடுவே இருந்த கேபிளைப் பிடுங்கினேன். அது என் கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே... லாகில் அதே வரி மறுபடி ஏறியது.

அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். 'பெண். வயது 71. மூச்சுத் திணறல். வீட்டில் தனியாக. பன்னிரண்டாம் குறுக்குத் தெரு, எண் 9. பதிவு செய்தவர்: இருக்கை 6.'

இருக்கை 6 என் அக்காவுடையது. ஒன்பது வருடமாக அங்கே அழைப்பு எடுக்கிறாள். அன்று விடுமுறை, வீட்டில் இருந்தாள். செல்போனில் கூப்பிட்டு முகவரியைச் சொன்னேன். பின்னால் ஓடிய டிவியை அணைத்தாள். பிறகு...

"உனக்கு யார்டா சொன்னா?"

விட்டுவிட்டுச் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு மதியம் 2:58-க்கு அந்த அம்மா அழைத்திருக்கிறார். அக்கா பதிவு செய்தாள். ஏற்கப்பட்டது என்று திரை காட்டியது. அடுத்த கணமே முதன்மை படுத்துவிட்டது. அந்த ஒரு பதிவு நகலில் ஏறவே இல்லை. வண்டி கிளம்பவில்லை. அது தெரியாமல் அக்கா பதினொரு நிமிடம், இதோ வந்துவிடும் என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். 3:09-க்கு அந்தப் பக்கம் குரல் நின்றது. மறுநாள் அந்த வீட்டில் உடலை எடுத்தார்கள்.

இதை அவள் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

"வண்டி அனுப்பு, தம்பி."

"யாருக்குக்கா?"

"அனுப்பு."

கீழே ஒரு ஓட்டுநர் சும்மா இருந்தார். சைரன் அண்ணன் என்போம். கிட்டத்தட்டக் கெஞ்சினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி 2:57.

2:58. லாகில் புது வரி.

'வண்டி எங்க வருது?'

3:03. மேஜை போனில் சைரன் அண்ணன். "வாசல்லதான் நிக்கிறேன். பூட்டு தொங்குது. ஆள் இருக்கிற வீடு மாதிரியே தெரியலப்பா."

'இன்னும் வரலையே.'

பெல் அடிக்கச் சொன்னேன். அடித்தார். போன் வழியாக எனக்கே கேட்டது. டிங்... டிங்...

'யாருமே வரலையே.'

கதவைத் தட்டச் சொன்னேன். தட்... தட்... தட்...

3:07.

'வந்துருவாங்கன்னு சொன்னியேம்மா...'

அந்த வரி அக்காவுக்கு. செல்போனில் அவள் இன்னும் இணைப்பிலேயே இருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லைக்கா என்றேன்.

3:08. தட்... தட்...

'வரலையே...'

வாசலில் வண்டி நிற்கிறது.

ஆள் நிற்கிறார்.

'வரலையே...'

3:09.

நின்றுவிட்டது.

பிறகு எத்தனை முறை ஓட்டியும் நூறு அனுப்பினால் நூறுதான் வந்தது.

எட்டு நாள் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். அந்த அம்மாவின் மகன். பூட்டிய வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதை அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ சோதனையில் தவறு நேர்ந்துவிட்டது என்று சமாளித்தேன். அதோடு விடாமல், ஆறு வருடம் முன்பு அம்மா போன் செய்த தேதியைச் சொல்லி, அன்று வண்டி வராத தப்புக்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேல தப்பே இல்ல சார். போன் வந்ததா சொல்றீங்களே, அதுக்கு முந்தின நாள் ராத்திரியே அம்மா போயிட்டாங்க. டாக்டர் எழுதியே குடுத்திருக்கார்."

அந்தத் தாளின் பிரதியை அவர் வைத்திருந்தார். படித்தேன். தேதியை இரண்டு முறை பார்த்தேன்.

அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஆறு வருட பாரம் அவள் நெஞ்சிலிருந்து இறங்கிவிடும். தெரியும். ஆனால் அடுத்து ஒன்று கேட்பாளே... அந்தப் பதினொரு நிமிடமும் யாரிடம் பேசினேன் என்று.