நர்சம்மா எடுத்துப்போன கண்ணாடி

தகரச் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி அது. என் வீட்டுக்காரர் முகம் மழிக்க வாங்கியது. இப்போது ரசம் பாதி போய்விட்டது. மூக்கு தெரிந்தால் கன்னம் தெரியாது. மருமகள் இரண்டு முறை குப்பையில் போட்டாள், இரண்டு முறையும் எடுத்து வந்துவிட்டேன். கிழவிக்கு இந்த வயதில் அலங்காரமா என்று அவள் நினைத்திருப்பாள். ஒரு காலத்தில் அந்தக் கண்ணாடியில்தான் என் பிள்ளையின் மூச்சைப் பார்த்தேன்.

யுத்த காலம் அது. ஆவடிக்குப் போகும் பட்டாள லாரிகள் சாலையில் போனால் காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பானைகள் அதிரும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான் என் மகன். ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நாற்பது நாள் பஞ்சில் சுற்றி வைத்திருந்து, "இனி பயமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோ" என்றார் டாக்டர். மாட்டு வண்டியில் வீடு வந்து இறங்கிய பிறகுதான் எனக்குப் பயமே பிடித்தது. அங்கே பார்க்கப் பத்துப் பேர் இருந்தார்கள். இங்கே நான் ஒருத்தி. இவனுக்கு முன் பிறந்தது, நான் அசந்து தூங்கிய நேரத்தில் போய்விட்டிருந்தது. அதனால் நான் தூங்குவதில்லை என்று முடிவு செய்தேன். நெல் அவிக்கும்போதுகூட ஓடி ஓடி வந்து கண்ணாடியை அவன் மூக்கருகே பிடிப்பேன். ஆவி படிந்தால் எனக்கும் மூச்சு வரும்.

பார்க்க வந்த உறவுகள் "எட்டா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். பிள்ளை நிற்கும் என்று தெரிகிற வரை பேர் வைக்கக் கூடாது என்றார் மாமியார். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் பூந்தமல்லியிலிருந்து ஒரு நர்சம்மா வருவாள். முப்பது வயது இருக்கும். முதல் நாளே நோட்டைத் திறந்து, "பேரு இன்னா?" என்றாள். இன்னும் வைக்கவில்லை என்றேன். நோட்டை மூடிவைத்தவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாயடியில் இருந்த கண்ணாடியை எடுத்தாள்.

"இன்னாத்துக்கு இது?"

சொன்னேன். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டாள். அதற்கு எனக்குக் கணக்குத் தெரியவில்லை. மாரில் பாலும் வற்றிக்கொண்டிருந்தது.

"இத நான் எடுத்துகினு போறேன். நீ படு. நான் பாத்துகினு கீறேன்."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நான் செத்த மாதிரி தூங்கினேன். அன்று முதல் வந்த நாளெல்லாம் உச்சிவேளையில் ஒரு மணி நேரம் அவள் எனக்காக உட்கார்ந்தாள். கண் விழிக்கும்போது பாலாடைச் சங்கால் பாலைப் புகட்டியபடி, "ஏகாம்பரம், குடிடா ஏகாம்பரம்" என்று கொஞ்சிக்கொண்டிருப்பாள். உள்ளங்கை அளவு பிள்ளைக்கு இவ்வளவு நீளப் பேரா என்று வீட்டுக்காரர் சிரித்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. ஊரே அதைத் திருப்பதி வேண்டுதல் என்று நம்பியது. பால் ஊறியது. பிள்ளைக்குக் கன்னம் உப்பியது. மாமியாரே ஒருநாள் மறந்துபோய் "ஏகாம்பரம்" என்று கூப்பிட, அதுவே பேராக நின்றுவிட்டது.

மாற்றலாகிப் போகும் நாளில் நர்சம்மா கண்ணாடியைத் திருப்பித் தந்தாள். நான் அதை வாங்கிய வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை போலும்.

"மறுபடியும் உக்காந்து பாப்பியா?"

"பாக்காம இருந்தா போயிடுமேன்னு பயமா கீது நர்சம்மா. மொதல்லது அப்டித்தான் போச்சு."

"பாத்துகினு இருந்தா போவாதுன்னு யாரு சொன்னா? எனக்கும் எட்டு மாசத்துல ஒண்ணு பொறந்துச்சு. கண்ணக்கூட மூடாம பாத்துகினேதான் இருந்தேன். பாக்கச் சொல்லவே, கண்ணு முன்னாடியே போச்சு." பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "பேருகூட வெக்கல. பொழச்சா வெக்கலாம்னு ஒரு பேர எடுத்து வெச்சிருந்தேன்."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. என் பிள்ளையின் தலையைத் தடவி அந்தப் பேரைச் சொல்லியே அவள் விடைபெற்றாள். அன்றிரவு தூங்கினேன். என் முதல் பிள்ளை போனது என் தூக்கத்தால் அல்ல என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரங்களில் அவள் மடியில் கிடந்தது என் பிள்ளைதானா என்ற கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாய் திறந்து தூங்குகிறான். மருமகள் பார்க்காத நேரத்தில் கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோகிறேன். ரசம் மிச்சமிருக்கும் இடத்தில் ஆவி படிகிறது. முந்தானையில் துடைத்துவிட்டுக் காப்பிக்குக் கூப்பிடுகிறேன்.

"ஏகாம்பரம்."

கூப்பிட்டதும் ஒருவன் எழுந்து வருகிறான்.