தறியிலிருந்து நேராக என் புண்ணுக்கு

காய்ச்சலுக்கு முன்னால் சிவப்புதான் வந்தது. வெயிலில் நின்று சுட்டதுபோல் முகம், மார்பு, உள்ளங்கை எல்லாம் சிவந்தன. புழுக்கம் என்று நினைத்து மோர் குடித்தேன். அதுவும் வாந்தியாக வந்துவிட்டது.

அதற்குச் சில நாள் முன்பு, அக்குளில் வந்த கட்டியை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் கீறிவிட்டிருந்தார். குழியில் தினமும் புதுத் துணி திணித்துக் கட்ட வேண்டும். கொடுத்த துணி தீர்ந்துபோனது. ராஜபாளையம் பக்கம் எங்கள் வீட்டில் ஓடுவதே பேண்டேஜ் தறிதான். என் கணவர் தறியிலிருந்து இறங்கிய துணியில் ஒரு முழம் வெட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற துணிதானட்டி. கடையில போயி எதுக்கு வாங்கணும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெளுத்து, நீராவியில் வேகவைத்த பிறகுதான் அது ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அந்த நேரத்தில்தான் தோன்றவில்லை. வலிக்கக் கூடாதென்று ஊதி ஊதிக் கட்டினார், பாவம்.

நினைவு தப்பிய என்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே அந்தத் துணியை உருவியெடுத்த டாக்டரம்மா விளக்கியதை மகள் பிறகு சொன்னாள். ஸ்டெஃபைலோகாக்கஸ் (மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் கிருமி) துணிக்குள் பெருகி டாக்சினை (கிருமி கக்கும் நஞ்சு) விட்டிருக்கிறது. கிருமி செத்தாலும் கக்கிய நஞ்சு ரத்தத்தில் இருக்கும்.

"துணி புத்தம் புதுசும்மா" என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"தடுப்பூசி மருந்துலயே இது நடந்திருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "அந்தக் காலத்துல, ஆஸ்திரேலியாவுல. டிப்தீரியா (தொண்டையை அடைக்கும் நோய்) ஊசி. ஒரே பாட்டில்ல பல நாள் குத்திக் குத்தி எடுத்தாங்க. கெடாம இருக்க எதுவும் கலக்கல. இதே கிருமி உள்ள போயிருச்சு. போட்டுக்கிட்ட பிள்ளைங்க பல பேர் இறந்துட்டாங்க. தப்பு தடுப்பூசி மேல இல்ல, அந்தப் பாட்டில் மேல."

"அப்ப எம் பேத்திக்கு ஊசி போடலாமா?" என்று கேட்டிருக்கிறார் கணவர்.

"கட்டாயம் போடுங்க. இப்ப எல்லாத்துக்கும் பாதுகாப்பு இருக்கு."

பேத்திக்கு ஊசி போட்டாயிற்று. ஆனால் என் கணவர் மனதில் தங்கியது செத்த பிள்ளைகள் மட்டும்தான்.

நான் பிழைத்தேன். சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. கருத்துப்போன விரல் நுனிகளை எடுத்துவிட்டார்கள். இனி எனக்கு இரண்டே கிழமை: டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) உள்ள நாள், இல்லாத நாள். ஆறுதல் தேடி இதைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும், என்னிடம் அது இல்லை. உடம்பு சிவந்தால் மோர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

ஜாக்கெட்டுக்கு முதுகுப் பக்கம் கொக்கி, அதை என்னால் மாட்ட முடியாது. இன்று காலை, "செத்த மாட்டிவிடுங்க" என்றேன் கணவரிடம்.

"வாரேன்" என்று குழாயடிக்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அருகில் வந்து தன் கையைப் பார்த்தார். திரும்பவும் கழுவப் போனார். எனக்குக் கட்டுப் போட்ட நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டதில்லை. விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிடட்டுமா?" என்று குழாயடியிலிருந்தே கேட்டார்.

சமையலை விட்டுவிட்டு ஓடிவந்த அக்காவின் கையில் வெங்காய வாசனை. ஆஸ்பத்திரியில் என்னைத் தொடுகிறவர்கள் எல்லோரும் கையுறை போட்டவர்கள். கழுவாத, சூடான ஒரு மனுஷக் கை முதுகில் பட்டதும் தேம்பித் தேம்பி அழுதேன். வலிக்குதோ என்று அவளும் சட்டெனக் கையை எடுத்துக்கொண்டாள்.