ஜெராக்ஸ் கடையில என் பன்னெண்டு வார்த்தை

என் கிரிப்டோ வாலெட்டைத் திறக்குற பன்னெண்டு வார்த்தையும் போன்ல ஸ்கிரீன்ஷாட்டா கிடந்துச்சு. அதைப் பாக்குறவன் அதுல இருக்குற மொத்தப் பணத்தையும் எடுத்துடலாம்.

பிரிண்ட் எடுத்துட்டு போன்ல அழிச்சிடலாம்னு இன்னைக்கு வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"வாட்ஸ்அப்ல அனுப்புங்க தம்பி"ன்னாங்க கடைக்கார அக்கா. அனுப்பிட்டேன்.

அப்புறம்தான் உறைச்சுது. அவங்க கம்ப்யூட்டர்ல, ஊரார் ஆதார் கார்டுங்களுக்கு நடுவுல என் ஸ்கிரீன்ஷாட்.

"அக்கா, அதை அழிச்சிடுங்க!"

"அழிச்சிட்டேன் தம்பி. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு காப்பி ஜாஸ்தியா போட்டு வெச்சிருக்கேன். தொலைச்சிட்டு எங்கிட்டதானே வந்து நிப்பீங்க?"

அங்கயே நின்னு போன்லயே புது வாலெட் தொறந்து, பணம் எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டேன். புதுசா பன்னெண்டு வார்த்தை. கையால எழுதிட்டேன். எங்க வெக்கிறதுன்னு தெரியாம சட்டைப்பையைப் பொத்திக்கிட்டே வீடு வந்தேன்.

நீங்கல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?

வேணாம், சொல்லாதீங்க.